பிளேனர் பிளேடு மாத்தும்போது உங்க விரல் எங்கே இருக்கு?

மக்களே, இன்னைக்கு த்ரெட் கொஞ்சம் வேற மாதிரி. சுகர், பிரஷர், காய்ச்சல் எதுவும் கிடையாது. மரம் இழைக்கிற மெஷின்ல சாணை பிடிச்சு வந்த பிளேடை எப்படிக் கழட்டி, மாட்டி, செட் பண்றதுன்னு எழுதப் போறேன். "டாக்டருக்கு எதுக்குய்யா ஆசாரி வேலை"ன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. நான் கை அறுவை சிகிச்சை பண்றவன். வீட்டுக் கார் ஷெட்ல ஒரு பழைய 6 இஞ்ச் சர்ஃபேஸ் பிளேனரும் வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமையானா ஸ்டூல், ஷெல்ஃப்னு ஏதாவது ஒண்ணு ஓடும். ஆக, இந்த மெஷினை ரெண்டு பக்கத்துல இருந்தும் பார்த்தவன்.

மர இழைப்பகம் வச்சிருக்கிறவங்க, அங்க வேலை பாக்குறவங்க, என்னை மாதிரி வீட்டுல வச்சு விளையாடுறவங்க எல்லாரும் படிங்க. உங்க வீட்டுல மரவேலைக்குப் போறவங்க யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ரம்பம் விரலை வெட்டும். பிளேனர் வெட்டாது, சீவும்.

கேக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். எங்களுக்கு அதுதான் எல்லாமே. வெட்டுப்பட்ட விரல் துண்டா கையில கிடைக்கும். 1965-ல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கோமாட்சு, தமாய் என்ற இரண்டு மருத்துவர்கள், முழுசா துண்டாகிப்போன ஒரு கட்டைவிரலை நுண்ணோக்கி வழியாப் பார்த்து, ரத்தக்குழாய்களைத் தைச்சு, திரும்ப உயிரோட ஒட்ட வச்சாங்க. இன்னைக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே அந்த ஆபரேஷன் நடக்குது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்குன்னே பேராசிரியர் வேங்கடசாமி ஆரம்பிச்ச தனிப் பிரிவு இருக்கு. ஆனா பிளேனர்ல போன விரல்நுனியை ஒட்ட வைக்கச் சொன்னா எதை ஒட்டுறது? துண்டே இருக்காது. மெல்லிசா சீவி, மரச்சுருளோட சுருளா குப்பையில கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. சின்ன சர்ஃபேஸ் பிளேனரோட உருளை நிமிஷத்துக்கு 4500 சுத்து சுத்துதுன்னு வைங்க. அதுல 3 பிளேடு. நிமிஷத்துக்கு 13,500 சீவல், அதாவது ஒரு செகண்டுக்கு 225. சுரீர்னு பட்டதும் கையை இழுக்கணும்னு மூளை முடிவு பண்ணி, தசை அசைய ஆரம்பிக்கவே கிட்டத்தட்ட 0.2 செகண்ட் ஆகும். அதுக்குள்ள 45 சீவல் முடிஞ்சிருக்கும். "நான் உஷாரா இருப்பேன், டக்குனு எடுத்துருவேன்"னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை நினைச்சுப் பாக்கணும்.

இது ஓடுற மெஷின். இதுக்கு எல்லாருக்கும் பயம் இருக்கு. நான் இன்னைக்கு எழுத வந்தது நிக்குற மெஷினைப் பத்தி. ஏன்னா என்கிட்ட வர்றவங்கள்ல ஒரு பகுதிப் பேருக்கு அடிபட்டப்போ மெஷின் ஓடவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி, மடக்கின விரல் முட்டி நேராப் போய் பிளேடு விளிம்புல இடிச்சது. பேப்பர்ல சுத்தின பிளேடை பையில இருந்து எடுக்கும்போது கிழிச்சது. கரண்ட் போச்சுன்னு உள்ள கை விட்டு சுருளைத் தள்ளிக்கிட்டிருக்கும்போது கரண்ட் வந்தது.

எனக்கு பிளேடு செட் பண்ணச் சொல்லிக் கொடுத்தவர் செங்கோட்டைப் பக்கம் பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி. வயசு 60-க்கு மேல. பத்து விரலும் முழுசா இருக்கு, அந்தத் தொழில்ல அதைவிடப் பெரிய சர்டிபிகேட் இல்லை. அவர் சொன்னது: "மிசினு ஓடும்போது எல்லாரும் பயப்படுதாங்க சார். நின்னதும் பயம் போயிருது. ஓடுதா நிக்கான்னு பிளேடுக்குத் தெரியுமா?"

சரி, வேலைக்கு வருவோம்.

பிளேடு மழுங்கினதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெஷினே சொல்லும். மரத்தைத் தள்ள வழக்கத்தைவிட அதிக பலம் தேவைப்படும். சத்தம் மாறும். இழைச்ச இடம் வழவழன்னு இல்லாம கண்ணாடி மாதிரி மினுங்கும், சில நேரம் கருகின வாசனை வரும். குறுக்கு நரம்பு ஓடுற இடத்துல மரம் பிச்சுக்கிட்டு வரும். இதுல ஆபத்தானது முதல்ல சொன்னதுதான், அழுத்தித் தள்றது. அப்படித் தள்ளிக்கிட்டிருக்கும்போது மரம் திடீர்னு வழுக்கினா, உங்க பலம் முழுக்க கையோட சேர்ந்து பிளேடு பக்கம் போகும். மழுங்கின பிளேடு பாதுகாப்பானதுன்னு நினைக்காதீங்க. வெட்டுற அளவுக்கு அது எப்பவுமே கூர்தான், சுத்தமா வெட்டுற அளவுக்குத்தான் கூர் இல்லை.

இழைச்ச பலகையில மெல்லிசா ஒரு கோடு நீளமா எழும்பி நின்னா, அது மழுங்கல் இல்லை. ஆணியில பட்டு பிளேடுல ஒரு பல் விழுந்திருக்கு. அதுக்கு உடனே சாணைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மூணு பிளேடுல ஒண்ணை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில நகர்த்தி மாட்டினா, ஒண்ணு விட்ட கோட்டை இன்னொண்ணு சீவிரும். இதுவும் அண்ணாச்சி சொன்னதுதான்.

கழட்டுறதுக்கு முன்னாடி கரண்ட். சுவிட்சை ஆஃப் பண்றது போதாது. பிளக்கை உருவணும், உருவின பிளக் உங்க கண்ணு பாக்குற இடத்துல கிடக்கணும். த்ரீ ஃபேஸ் லைன்னா மெயினை இறக்கி, ஃபியூஸை எடுத்து சட்டைப் பாக்கெட்ல போட்டுக்குங்க. யாராவது வந்து "ஏன் மெயின் ஆஃப்ல இருக்கு"ன்னு தூக்கி விடுறது நம்ம பட்டறைகள்ல சர்வ சாதாரணம்.

கரண்ட் கட் விஷயத்தை மறுபடியும் சொல்றேன். நல்ல ஸ்டார்ட்டர் உள்ள மெஷின்ல கரண்ட் போனா ஸ்டார்ட்டர் தானா விழுந்துரும். கரண்ட் திரும்பி வந்தாலும் நீங்க பச்சை பட்டனை அழுத்தினாதான் ஓடும். ஆனா பல இடத்துல சாதாரண திருப்பு சுவிட்ச், இல்லன்னா வீட்டு சுவிட்ச்லயே மெஷின் ஓடுது. அதுல கரண்ட் வந்ததும் மெஷின் கேக்காம ஓடும். உங்க மெஷின் எந்த வகைன்னு இன்னைக்கே பாருங்க. இரண்டாவது வகைன்னா ஸ்டார்ட்டர் மாத்துங்க. அந்தச் செலவை ஒரு விரலோட நான் ஒப்பிட்டுப் பேச மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் உருளை கொஞ்ச நேரம் சுத்தும். சத்தம் குறைஞ்சதும் நின்ன மாதிரி தோணும். வேகமா சுத்துற பிளேடு கண்ணுக்குத் தெரியாது, ஒரே பளபளப்பான உருளையாத்தான் தெரியும். அது முழுசா நின்னதை கண்ணால பாத்துட்டுதான் குனியணும்.

மோதிரம், கைக்கடிகாரம் கழட்டுங்க. கையுறை பத்தி நிறைய குழப்பம் இருக்கு. மெஷின் ஓடும்போது கையுறை போடவே கூடாது, நுனி சிக்கினா கையையே உள்ள இழுத்துரும். பிளேடைக் கையாளும்போது, அதாவது பிளக் உருவின பிறகு, நல்ல தடிமனான தோல் கையுறை கட்டாயம் வேணும். இந்த ரெண்டையும் மாத்திச் செய்றவங்கதான் அதிகம்.

இப்போ போல்ட். உருளையில ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துல பிளேடும், அதை நெருக்கிப் பிடிக்கிற ஆப்பு மாதிரி ஒரு இரும்புப் பட்டையும் இருக்கும். பட்டையில 4, 5 போல்ட். உருளை சுத்தாம இருக்க, உருளைக்கும் டேபிள் விளிம்புக்கும் நடுவுல ஒரு மரச்சக்கையைச் செருகுங்க. அப்புறம் பிளேடு விளிம்பு மேல நீளமான ஒரு மரச்சட்டத்தையோ, தடிச்ச லெதர் துண்டையோ வச்சு மூடுங்க. ஸ்பேனர் வழுக்கினா உங்க முட்டி மரத்துல இடிக்கும். வலிக்கும், அவ்வளவுதான். ஸ்பேனரை பிளேடு பக்கம் தள்ளாம, பிளேடுல இருந்து விலகுற திசையில இழுக்கிற மாதிரி உருளையைத் திருப்பி வச்சுக்குங்க.

ஒரு முக்கியமான இடம். நிறைய மெஷின்ல அந்த போல்ட் பட்டைக்குள்ள போகப் போக பிடி தளரும், வெளிய வர வர பிளேடு இறுகும். அதாவது நாம டைட் பண்ற பக்கம் திருப்பினா லூஸ் ஆகும். இது தெரியாம "இறுகிக்கிடக்கு"ன்னு நினைச்சு, பைப் போட்டு முழு பலத்தோட தப்பான பக்கம் இழுப்பாங்க. அப்போதான் ஸ்பேனர் வழுக்கும். திறக்கவே மாட்டேங்குதுன்னா நிறுத்துங்க. இன்னொரு பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்க.

மூணு பிளேடையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க. ஒண்ணைக் கழட்டி, அந்த இடத்துல புதுசை மாட்டி, அப்புறம் அடுத்தது. உயரத்துக்கு ஒரு அடையாளம் எப்பவும் மிச்சம் இருக்கும், வெளிய கிடக்கிற கூரான பொருளும் குறைவா இருக்கும். கழட்டின பிளேடு டேபிள் மேல கிடக்கக் கூடாது. நேரா பெட்டிக்குள்ள.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. சாணைக்குப் போய் வர்ற பிளேடு முக்காவாசி தினத்தந்தி பேப்பர்லதான் சுத்தி வரும். அந்தப் பேப்பர் எதையும் தடுக்காது, கூர் எந்தப் பக்கம்னு மறைக்க மட்டும்தான் செய்யும். ஒரு ரீப்பர் துண்டுல ரம்பத்தால நீளமா ஒரு பள்ளம் போட்டு, பிளேடு விளிம்பை அதுக்குள்ள செருகி, ரப்பர் பேண்ட் போட்டா முடிஞ்சது. அஞ்சு நிமிஷ வேலை. வீட்டுல பையைத் திறக்கிறது எப்பவும் நீங்களா இருக்க மாட்டீங்க.

சாணை பிடிச்சு வந்ததும் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அகலம் ஒரே அளவா இருக்கணும். சமையலறைத் தராசுல எடை போடுங்க, கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஒண்ணை அதிகமா தேய்ச்சிருந்தா அந்த வேகத்துல உருளை ஆடும், பேரிங் போகும், மரம் துள்ளும். நீல நிறம் ஏறியிருந்தா சாணையில சூடாயிருச்சுன்னு அர்த்தம், திருப்பிக் கொடுங்க. தேய்ஞ்சு தேய்ஞ்சு பட்டை பிடிக்கிற அளவுக்கு அகலம் இல்லாமப் போன பிளேடு இரும்புக்கடைக்குப் போகட்டும். ஓடும்போது அது கழண்டு வெளிய வந்தா என்ன ஆகும்னு நான் எழுத விரும்பலை.

மாட்டுறதுக்கு முன்னாடி பள்ளத்துல இருக்கிற பிசினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால சுத்தமா எடுங்க. பட்டை, போல்ட் எல்லாத்தையும் துடைச்சு விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒரு துணுக்கு மரத்தூள் பட்டைக்குப் பின்னாடி இருந்தாலும் பிளேடு உக்காந்த மாதிரி தெரியும், ஆனா உக்காந்திருக்காது.

இனிமேதான் அழகான பகுதி. செட்டிங்.

மரம் உள்ள போற பக்க டேபிளை முன் டேபிள்னு வைங்க, சீவி முடிச்சு ஏறி உக்கார்ற பக்கம் பின் டேபிள். பிளேடு மேல வந்து நிக்கிற உச்சிப் புள்ளி, பின் டேபிளோட மட்டத்துல இருக்கணும். இதுதான் மொத்த விஷயமும். பிளேடு தாழ்ந்திருந்தா, சீவின மரம் பின் டேபிள் விளிம்புல முட்டி நிக்கும். நீங்க இன்னும் அழுத்துவீங்க. பிளேடு உயர்ந்திருந்தா பலகை முடியுற இடத்துல சடக்குனு கீழ விழுந்து ஒரு பள்ளம் பறிக்கும். கை பிளேடுக்கு மிக அருகில இருக்கிற நேரமும் அதேதான். ஒரு பிளேடு மட்டும் உயர்ந்திருந்தா, மூணு செய்ய வேண்டிய வேலையை ஒண்ணு செய்யும், மரம் அதிரும். செட்டிங் சரியில்லாத மெஷின்ல வேலையும் கெடும், கையும் போகும்.

அளக்க டயல் கேஜ் எல்லாம் வேண்டாம். ஒரு அடி நீளத்துக்கு நல்லா இழைச்ச, நேரான ஒரு மரக்குச்சி போதும். குச்சியைப் பின் டேபிள் மேல வச்சு, உருளைக்கு மேல நீட்டுங்க. டேபிள் விளிம்பு வர்ற இடத்துல குச்சியில பென்சில் கோடு. இப்போ உருளையை மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. பிளேடைத் தொட்டு இல்லை, புல்லியைப் பிடிச்சு, இல்லன்னா இன்னொரு மரக்குச்சியால தள்ளி. பிளேடு மேல வரும்போது குச்சியை லேசாத் தொட்டு, கொஞ்ச தூரம் கூட்டிக்கிட்டுப் போய் விட்டுரும். எவ்வளவு நகர்ந்ததுன்னு இன்னொரு கோடு. 3 மில்லிமீட்டர்னா நல்ல அளவு.

இந்தக் குச்சியை நான் ரொம்ப ரசிக்கிறேன். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில, குச்சி 3 மில்லிமீட்டர் நகர்ந்தா பிளேடு டேபிளைவிட உயர்ந்திருக்கிறது வெறும் 0.04 மில்லிமீட்டர்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லிசு. அந்த அளவைக் கண்ணுக்குத் தெரியுற 3 மில்லிமீட்டரா அந்தக் குச்சி பெருக்கிக் காட்டுது. ஆபரேஷன் தியேட்டர்ல லட்சக்கணக்குல நுண்ணோக்கி வச்சு நாங்க செய்ற வேலையை, பட்டறையில ஒரு தேக்குத் துண்டு செய்யுது.

பிளேடோட இடது ஓரம், வலது ஓரம் ரெண்டுலயும் இதே சோதனை. மூணு பிளேடுக்கும் அதே அளவு வரணும். உயரத்தை ஏத்த இறக்க பிளேடுக்கு அடியில ஸ்ப்ரிங்கோ சின்ன ஸ்க்ரூவோ இருக்கும். பிளேடைக் கீழ அழுத்தணும்னா மரத்துண்டால அழுத்துங்க, விரலால இல்லை. போல்ட்டை ஒரேயடியா இறுக்காதீங்க. நடு போல்ட்டை லேசா, அப்புறம் ரெண்டு பக்கமும் லேசா, மறுபடி நடுவுல இருந்து. இறுக்கும்போது பிளேடு கொஞ்சம் நகரும், அதனால கடைசி இறுக்கலுக்கு அப்புறம் குச்சியை மறுபடி வச்சுப் பாக்கணும். முதல் தடவை எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. அண்ணாச்சிக்கு 20 நிமிஷம்.

முடிஞ்சதும் எல்லா போல்ட்டையும் ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணி ஒரு தடவை தொட்டுப் பாருங்க. ஆபரேஷன் முடிக்கிறதுக்கு முன்னாடி நர்ஸ் பஞ்சு, கத்தி எல்லாம் எண்ணுவாங்கல்ல, அதே காரணம்தான். மரச்சக்கையை எடுங்க. ஸ்பேனர் எங்கே? கண்ணால பாருங்க. உருளையைக் கையால ரெண்டு சுத்து விடுங்க, எங்கயும் உரசலைன்னா கார்டை மாட்டிட்டு, பிளக் போட்டு, உருளைக்கு நேரா நிக்காம ஓரமா நின்னு ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப பிளக்கை உருவி, போல்ட் இறுக்கத்தை இன்னொரு தடவை பாருங்க. இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் எல்லாரும் விடுறாங்க.

கார்டுன்னதும் சிரிப்பீங்க. எத்தனை பட்டறையில கார்டு ஒரு மூலையில துருப்பிடிச்சுக் கிடக்கு! 2025 வரை அமல்ல இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவு, ஆபத்தான இயந்திர பாகங்களுக்குத் தடுப்பு கட்டாயம்னு சொல்லுச்சு. ஆனா மூணு பேர் வேலை பாக்குற இழைப்பகம் பொதுவா அந்தச் சட்டத்துக்குள்ளயே வரலை. இன்ஸ்பெக்டர் வர மாட்டார். நீங்களேதான் இன்ஸ்பெக்டர். ஒரு அடிக்குக் குறைவான துண்டை இந்த மெஷின்ல இழைக்காதீங்க, இழைப்புளியால செய்ங்க.

இவ்வளவுக்கும் அப்புறம் அடிபட்டா?

சுத்தமான துணியை வச்சு நேரா அழுத்திப் பிடிங்க, கையைத் தூக்கி வைங்க. பத்து நிமிஷம் திறந்து பாக்காதீங்க. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுக்கிறதுலயே நல்ல சதையும் கொஞ்சம் போயிரும். துண்டோ, சீவிப்போன தோலோ கையில கிடைச்சா, சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணிக்குள்ள வைங்க. ஐஸ் நேரா சதையில படக்கூடாது. கிடைக்கலைன்னா சுருள் குவியலைக் கிளறி ஒரு மணி நேரத்தை வீணாக்காதீங்க. வர்ற வழியில காபி, சோடா வாங்கிக் கொடுக்காதீங்க, மயக்க ஊசி போடறது தள்ளிப்போகும்.

பிளேடு மாத்தும்போது படுற வெட்டு சின்னதா, சுத்தமா, ரத்தம் சீக்கிரம் நிக்கிற மாதிரி இருக்கும். ஏமாந்துராதீங்க. விரலோட உள்ளங்கைப் பக்கத்துல, தோலுக்குக் கீழ சில மில்லிமீட்டர்லயே விரலை மடக்குற ரெண்டு தசைநாண், ரெண்டு பக்கமும் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் ஓடுது. ரெண்டு தசைநாணும் ஒரே குறுகலான குழாய்க்குள்ள போற இடத்தை "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்"னு பழைய அறுவை மருத்துவர்கள் சொன்னாங்க. அங்க தைச்சா ஒட்டிக்கும், விரல் மடங்காதுன்னு அவ்வளவு பயம். இப்போ தைக்கிறோம், நல்லா வருது. ஆனா சீக்கிரம் வரணும், அதுக்கப்புறமும் கனமான வேலைக்குத் திரும்ப சுமார் மூணு மாசம் ஆகும். தோலை மட்டும் தைச்சுக்கிட்டு, மூணு வாரம் கழிச்சு "விரல் மடங்க மாட்டேங்குது"ன்னு வர்றவங்களுக்கு அதே ஆபரேஷன் பெருசாகுது, பலன் குறையுது.

அதனால ரெண்டு சோதனை, நீங்களே செய்யலாம். அடிபட்ட விரலோட நடுப் பகுதியை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு, நுனியை மட்டும் மடக்கிப் பாருங்க. அப்புறம் நுனியோட ரெண்டு ஓரத்தையும் பென்சில் முனையால லேசாத் தொட்டு, மற்ற கை விரல் மாதிரியே உணர்ச்சி இருக்கான்னு பாருங்க. நுனி மடங்கலைன்னாலோ, ஒரு பக்கம் மரத்திருந்தாலோ, காயம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் கை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற இடத்துக்கு அன்னைக்கே போங்க. டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்கன்னு ஞாபகம் இல்லைன்னா அதையும் சொல்லுங்க.

உங்க மெஷின்ல போல்ட் எந்தப் பக்கம் திருப்பினா லூஸ் ஆகும்னு சந்தேகம் இருந்தா போட்டோ போடுங்க, எனக்குத் தெரியலைன்னா அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன். போட்டோல உருவின பிளக்கும் தெரியணும்.